பூட்டிய அறையில் ஒரு சிவப்பு விளக்கு

அத்தியாயம் 6

"விளக்கு கெட்டுப்போனா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடணும்மா. துப்பறியறவங்களை எதுக்குக் கூப்பிடறீங்க?"

கேட்டது நான்தான். கேட்டு முடிப்பதற்குள் மேஜைக்கு அடியில் பாஸின் செருப்பு என் கட்டைவிரல் மேல் ஏறி உட்கார்ந்தது. வாயை மூடு என்று அதற்கு அர்த்தம். மூடினேன்.

பாஸ் என்றதும் கோட்டும் தொப்பியும் போட்ட ஆசாமியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகக் கடை விரித்த பெண்மணி. உயரம் கம்மி, பேச்சு அதைவிடக் கம்மி. எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தமே இரண்டு பேர். மூளை அவர், வாய் நான். எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ரேடியோ.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு டெய்லரம்மா. தையல் கடையிலிருந்து நேராக வந்திருந்தார். அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற மறந்திருக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"கெட்டுப்போகலை தம்பி. பச்சையா இருந்தது, சிவப்பா மாறிடுச்சு."

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் பாஸ்.

முதலிலிருந்து சொன்னார். ஒரே மகள். வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது வாலு. கம்ப்யூட்டர் படித்தவள். நாலு வருஷத்துக்கு முன்னால், தனக்குப் பிடித்தவனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று நின்றாள். அப்பா முடியாது என்று நின்றார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்ந்தவர், ஊருக்கே டிரைவிங் மாஸ்டர். ஒரு நாள் அவள் தோளில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசலில் வைத்து அவர் சொன்ன கடைசி வார்த்தை, "இனிமே உன் குரல் இந்த வீட்டுல கேக்கக்கூடாது."

"அன்னிக்கே அவ ரூமைப் பூட்டிட்டார். உள்ள ஒரு குண்டூசி நகரக்கூடாதுன்னுட்டார். சாவி அவர்கிட்ட. வீட்டுல இருக்கற போன் நம்பரையெல்லாம் மாத்திட்டார். எனக்குப் பித்துப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் தையல் கடை வச்சேன்."

"விளக்கு?"

"அவளோட கம்ப்யூட்டரை யாரும் நிறுத்தலைம்மா. மேஜைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 'இதுல எல்லாம் தானா பதிஞ்சுக்கும்மா, நான் மறந்தாலும் இது மறக்காது'ன்னு சொல்லுவா. அதுல ஒரு பச்சை விளக்கு. கதவுக்கு அடியில இருக்கற இடுக்கு வழியாத் தெரியும். மினுக் மினுக்னு இருக்கும். அந்தப் பக்கம் போறப்பல்லாம் பாத்துக்குவேன். அவ உள்ள தூங்கிட்டு மூச்சு விடற மாதிரி இருக்கும் எனக்கு."

அளவு நாடாவின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார்.

"மழைக்கு முன்னாடி ஒரு நாள் பாத்தா சிவப்பு. மினுக்கவும் இல்ல. அப்படியே நிக்குது. அன்னியிலேருந்து எனக்குச் சோறு இறங்கலை. அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு. எங்க இருக்கான்னுகூட வேண்டாம், உசுரோட இருக்காளான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

என்னிடம் ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதை அப்படியே விழுங்கினேன்.

பாஸ் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார். "ரேடியோ, கிளம்பு."

* * *

வாசலில் பழைய பயிற்சி கார் ஒன்று உறை போட்டு நின்றது. அதைத் தாண்டிப் போனால் கதவை மறித்துக்கொண்டு மாஸ்டர். நெடுநெடுவென்று ஆள். நாங்கள் இருவரும் சிக்னலைத் தாண்டி வந்துவிட்டதுபோல் முறைத்தார்.

"யாரு இவங்க?"

"துப்பறியறவங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன். அவ ரூமைத் திறங்க" என்றார் டெய்லரம்மா.

"திறக்க முடியாது. நாலு வருஷமா அந்தக் கதவை யாரும் தொடலை. இனிமேலும் தொடப் போறதில்ல."

வழி கிடையாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பாஸ் சாவதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்க இஷ்டம் சார். ஆனா சிவப்பு விளக்கு எரியுதுன்னா பெட்டி உள்ள சூடாகுதுன்னு அர்த்தம். பழைய வயரு. புகைஞ்சு பத்திக்கிச்சுன்னா அந்த ரூம்ல ஒண்ணும் மிஞ்சாது."

"அதெல்லாம் சூடாகலை. ஜில்லுனுதான் இருக்கு" என்றார் மாஸ்டர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நாலு வருஷமாக யாரும் தொடாத அறையில் இருக்கும் பெட்டி ஜில்லென்று இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? பாஸ் கேட்கவே இல்லை. கையை மட்டும் நீட்டினார். மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

நாலு வருஷம் பூட்டிய கதவு ஒரு முனகலாவது முனக வேண்டாமா? வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு திறந்தது. கீலில் விரலை வைத்துப் பார்த்தேன். புது எண்ணெய்.

அலமாரியில் தூசி, கட்டில் விரிப்பில் தூசி, ஜன்னல் திரையில் தொட்டால் தும்மல். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த நாற்காலியில் மட்டும் தூசியே இல்லை. பாஸ் அதில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கால்களும் அந்தரத்தில் ஆடின.

"உங்க பொண்ணு நல்ல உயரமா?"

"இல்லம்மா. என்னைவிடக் குட்டை" என்றார் டெய்லரம்மா.

"அப்படியா? ரேடியோ, இங்க வா. இது என்ன?"

கம்ப்யூட்டர் திரையின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டக் கண்ணாடி ஒட்டியிருந்தது.

"முகம் பாக்கற கண்ணாடி பாஸ். ஒரு அழகான வாலிபன் தெரியறான்."

"நின்னுட்டுப் பாக்காதே. உட்கார்ந்து பாரு."

அவர் இறங்கினார், நான் உட்கார்ந்தேன். கண்ணாடியில் என் முகம் இல்லை. எனக்குப் பின்னால் இருந்த கதவு முழுசாகத் தெரிந்தது.

"பின்னாடி யார் வராங்கன்னு பாக்கக் கண்ணாடி வைக்காம ஒரு ஸீட்டுல உட்காரவே முடியாத ஆள் இந்த வீட்டுல யாரு?" என்றார் பாஸ்.

  டெய்லரம்மா மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார்.

"நீங்க உள்ள வருவீங்களா?"

ஆயிரம் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை.

"நீ கடைக்குப் போனதும் வருவேன். பத்து மணிக்கு."

"என்னிக்கு?"

"தினமும்."

* * *

அவர் சொன்னது இது. மகள் வீட்டைவிட்டுக் கிளம்பிய அந்த மாசமே, கரண்ட் வீணாகிறதே என்று கம்ப்யூட்டரை நிறுத்தத்தான் உள்ளே வந்திருக்கிறார். பெட்டியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்து, எதை எதையோ அழுத்தியிருக்கிறார். திரையில் மகள் வந்து நின்றாள். ஏதோ ஒரு சமையலறை, கையில் அடிப்பிடித்துக் கரிந்த வாணலி, முகமெல்லாம் சிரிப்பு. நிறுத்த வந்தவர் நிறுத்தாமல் போய்விட்டார். அடுத்த வாரம் இன்னொரு படம் வந்தது.

"தானா பேக்கப் ஆகிற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கா" என்றார் பாஸ், டெய்லரம்மாவுக்குப் புரியும்படி. "அவ லேப்டாப் எங்க இருந்தாலும் சரி, ஆன் பண்ணினா அதுல இருக்கறதோட நகல் இன்டர்நெட் வழியா இந்தப் பெட்டிக்கு வந்து சேர்ந்துடும். யாரும் அனுப்ப வேண்டியதில்ல. போகும்போது அவ அங்க நிறுத்தலை. குண்டூசி நகரக்கூடாதுன்னு சார் போட்ட உத்தரவுல இங்கயும் யாரும் நிறுத்தலை. கோபத்துல போட்ட பூட்டுதான் இத்தனை நாள் இதை ஓட வச்சிருக்கு."

டெய்லரம்மா அதையெல்லாம் கேட்ட மாதிரியே தெரியவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கதவிடுக்குல அந்த வெளிச்சத்தைப் பாத்துட்டிருந்தேன். நீங்க உள்ள உட்கார்ந்து அவ முகத்தையே பாத்துட்டிருந்தீங்க."

"சொல்லணும்னு வாயெடுப்பேன்..."

"நாலு வருஷம்!"

"அவ பேரைச் சொன்னாலே உன் மேல எரிஞ்சு விழுந்தவன் நான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

அந்த அம்மாள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. "காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மாஸ்டர் குனிந்து ஒவ்வொரு படமாகத் திறந்தார். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று தேடாமலே அவர் கை போயிற்று.

கரிந்த வாணலி. நீலச் சட்டையில் ஜன்னலோரம். வயிறு தெரிய ஒரு பக்கமாகத் திரும்பி நிற்பது. பிறகு, துணியில் சுற்றிய ஒரு சிவப்பு மூக்கு.

"பேத்தி" என்றார் மாஸ்டர்.

டெய்லரம்மா திரையில் கை வைத்தார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் குழந்தையின் தோளை அளந்தார்.  

வீடியோக்களும் இருந்தன. குழந்தை தவழ்கிறது, நடக்கிறது, விழுகிறது, வாலு வாயைத் திறந்து சிரிக்கிறாள். ஆனால் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கரின் குமிழ் ஒரேயடியாகக் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. மனைவி காதில் விழுந்துவிடும் என்று மாஸ்டர் செய்த வேலை. நான் திருகிக் கூட்டினேன். அப்போதும் ஊமைப் படம்தான்.

"ஸ்பீக்கர் செத்துப்போச்சு பாஸ்."

பாஸ் வேறு எதையோ அழுத்தினார். டிங் என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்பீக்கர் உயிரோடுதான் இருக்கிறது.

"சத்தத்தை அவளே எடுத்துட்டு வச்சிருக்கா. எல்லாத்துலயும்" என்றார்.

மாஸ்டர் கட்டிலின் தூசி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "குரல் கேக்கக்கூடாதுன்னு சொன்னேன்" என்றார். அப்பாவுக்கு ஏற்ற மகள்தான். அவர் சொன்ன ஒரு வார்த்தையை அவள் இம்மி பிசகாமல் காப்பாற்றியிருக்கிறாள்.

"அப்ப, பேக்கப்பை நிறுத்த அவ மறக்கலை" என்றேன். எனக்குக்கூட எப்போதாவது மூளை வேலை செய்யும்.

"மறக்கலை. இங்க பாரு. முதல் சில வாரம் எல்லாமே வந்திருக்கு. ஆபீஸ் வேலை, பாட்டு, குப்பை கூளம் எல்லாம். அப்புறம் மாத்தியிருக்கா. ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் வர மாதிரி. அதுக்கு அவ வச்சிருக்கற பேர் 'வீடு'. அதுல ஒரு தெருப் பலகை இல்ல, ஒரு கடைப் பேர் இல்ல. புருஷன் முகம்கூட இல்ல. என்னைப் பாருங்க, ஆனா தேடி வந்து சண்டை போடாதீங்கன்னு பொறுக்கிப் பொறுக்கி வச்சிருக்கா."

"பின்ன ஏன் சிவப்பாச்சு?" என்றார் டெய்லரம்மா. "இப்ப எப்படி இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல."

அந்தக் கேள்விக்குத் திரையே பதில் சொன்னது. கட்டம் கட்டி ஓர் அறிவிப்பு வந்து நின்றது. இங்கிலீஷில் இரண்டு வரி, கீழே 'ஓகே' என்று ஒரு பொத்தான். மாஸ்டர் பழக்க தோஷத்தில் அதை அழுத்தக் கை நீட்டினார். பாஸ் அந்தக் கையைப் பிடித்தார்.

"இது தினமும் வருமா சார்?"

"மழைக்கு முன்னாடிலேருந்து வருது. ஓகே அழுத்தினா போயிடும்."

"படிச்சதில்லையா? டிஸ்க் நிரம்பிடுச்சு, இனிமே இடமில்ல, அதனால நகல் எடுக்கறது நின்னுபோச்சுன்னு இருக்கு."

மாஸ்டரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அவதான் நிறுத்திட்டான்னு நினைச்சேன். நான் பாக்கறது தெரிஞ்சு, கோபத்துல நிறுத்திட்டான்னு... பழைய படத்தையே திரும்பத் திரும்பப் பாத்துட்டிருந்தேன்."

"வண்டியில சிவப்பு விளக்கு எரிஞ்சா பசங்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பீங்க?"

"ஓரங்கட்டு. இறங்கி என்னன்னு பாரு. தெரியலைன்னா யாரையாவது கேளு." சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"கேட்டிருக்கலாமே சார்" என்றேன் நான்.

"கேட்டா, நான் பாத்துட்டிருக்கேன்னு ஊருக்குத் தெரிஞ்சிடுமேப்பா."

ஆனால் ஒன்று, எனக்கு ஒரே குஷி. மர்மம் உடைந்துவிட்டது! அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்டிக்குத்தான் வயிறு நிரம்பிவிட்டது! "அம்மா, இதுக்குப் போயா சோறு இறங்கலை? பத்தே நிமிஷம் இருங்க" என்று டெய்லரம்மாவிடம் சொல்லிவிட்டுத் தெருமுனைக் கடைக்கு ஓடினேன். ஒரு புது டிஸ்க் வாங்கினேன். "பெருசாக் கொடுங்க, உள்ள ஒரு குடும்பமே வந்து தங்கப் போகுது" என்று கடைக்காரரிடம் அளந்துவிட்டேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு சந்தோஷமாக ஓடியதில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

* * *

திரும்பி வந்தபோது பாஸ் வேறொன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"சார், இதுல ஒரு படத்தை யாராவது திறந்தா, உடனே அந்தப் பக்கம் ஒரு தகவல் போகும். அவ லேப்டாப்ல டிங்னு அடிச்சு, இந்தப் படத்தை இப்ப திறந்தாங்கன்னு காட்டும். திருடன் கை வச்சா தெரியறதுக்காக வச்ச ஏற்பாடு. அவ இதை நிறுத்தவே இல்ல."

"அப்படின்னா?"

"நீங்க பாத்தது ஒவ்வொண்ணும் அவளுக்குத் தெரியும்."

 நான் புது டிஸ்க்கை மாட்டினேன். பாஸ் இரண்டு இடத்தில் அழுத்தினார். பெட்டியில் சிவப்பு அணைந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பச்சை, மினுக் மினுக்.

டெய்லரம்மா கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை. அந்தப் பெட்டியையாகக்கூட இருக்கலாம்.

தேங்கி நின்ற படங்கள் பழசிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தன. முதல் படத்தில் குழந்தை நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வாலு, அதே நீலச் சட்டையில்.

"நான் தச்சது. அதைப் போட்டுக்கிட்டுத்தான் போனா" என்று சிரித்தார் அம்மா. அடுத்த படம் வந்ததும் சிரிப்பு நின்றது. "சட்டையைப் பக்கவாட்டுல ரெண்டு விரல் உள்ள பிடிச்சுத் தச்சிருக்கா."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டை சட்டையாகத்தான் இருந்தது.

அடுத்த படம். "இன்னும் ரெண்டு விரல். தோள் இறங்கி நிக்குது பாருங்க. உடம்பு இல்ல உள்ள."

அதற்கடுத்த படத்தில் வாலுவின் தலையில் ஒரு துணி கட்டியிருந்தது. அதற்கடுத்ததில் புருவமும் இல்லை. படுக்கையில் சாய்ந்துகொண்டு குழந்தைக்குப் பொம்மைக் கார் ஓட்டக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மட்டும் பழைய வாணலிச் சிரிப்பு.

டக் என்று சத்தம் கேட்டுக் கீழே பார்த்தேன். மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பயிற்சி காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவன் எங்காவது போய் மோதப்போனால் மாஸ்டர் அதை மிதிப்பார். அந்தக் கால் அதைத்தான் தேடியது. வெறும் தரையில் நரம்பு புடைக்க மிதித்துக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு வீடியோ வந்தது. பாஸ் திறந்தார். வாலு மட்டும் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"அப்பா, பேசக்கூடாதுன்னு சொன்னீங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பேசிக்கறேன்."

நாலு வருஷம் கழித்து அந்த வீட்டில் அந்தக் குரல். டெய்லரம்மா நாடாவை வாயில் அழுத்திக் கடித்துக்கொண்டார்.

"காலையில பத்து மணியானா இங்க டிங்னு அடிக்கும். முதல்ல அம்மான்னுதான் நினைச்சேன். ஆனா அம்மா ஒரு நாளாவது லேட்டா வருவா. இது ஒரு நாளும் தப்பலை. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்கதான்னு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இப்ப உங்க பெட்டி நிரம்பிடுச்சுப்பா. அங்க எழுதிக் காட்டியிருக்கும். நீங்க ஓகே அழுத்தியிருப்பீங்க. யாரையும் கேட்டிருக்க மாட்டீங்க. இங்கேருந்தே பழசைக் கொஞ்சம் அழிச்சா இடம் கிடைக்கும். எதை அழிக்கலாம்னு உட்கார்ந்து பாத்தேன். நீங்க திறந்து பாக்காத படம் ஒண்ணுகூட இல்ல. எப்படி அழிக்கறது? விட்டுட்டேன்."

மாஸ்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"போன் பண்ணலாம்னா நம்பர் எல்லாம் மாத்திட்டீங்க. நேர்ல வரலாம்னா அவ்வளவு தூரம் உடம்பு தாங்காதாம். இவர் வந்து சொல்றேன்னார். இவரை வாசல்ல நிக்க வச்சு நீங்க கதவைச் சாத்திட்டா என்னால தாங்க முடியாதுப்பா. வேண்டாம்னுட்டேன். என்னிக்காவது யாராவது ஒரு டிஸ்க் வாங்கி மாட்டுவாங்க. அன்னிக்கு எல்லாம் தானா வந்துடும். நான் மறந்தாலும் இது மறக்காது. அம்மாகிட்ட சொல்லுங்கப்பா. இன்னும் சொல்லியிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்." சிரித்தாள். "அவ்வளவுதான். இனிமே குரல் கேக்காது."

திரை கறுத்தது.

மழைக்கு முன்னாலேயே எங்கள் கடைப் படியில் அந்த அம்மாள் ஏறியிருக்கக்கூடாதா? இந்த மனுஷன் யாராவது ஒரு மாணவனைக் கூப்பிட்டு இரண்டு வரி படிக்கச் சொல்லியிருக்கக்கூடாதா? தெருமுனைக் கடையில் தொங்குகிறது அந்த டிஸ்க். எனக்கு அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதுவும் முடியவில்லை.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. இனி வாலு இல்லை. குழந்தை மட்டும். எடுக்கத் தெரியாத யாரோ எடுத்த, தலை வெட்டுப்பட்ட, ஆடிப்போன படங்கள்.

கடைசிப் படத்தில் குழந்தை ஒரு நீலக் கவுன் போட்டிருந்தது.

பாஸ் அதைப் பார்த்ததும் மெதுவாக டெய்லரம்மா பக்கம் திரும்பினார். உயிரோடு இருக்காளா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த அம்மாள் முந்திக்கொண்டார். கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரல்.

"என் துணிதான் இது. அந்தச் சட்டையைப் பிரிச்சுக் குழந்தைக்குத் தச்சிருக்காங்க. கழுத்து கோணல். ஓரம் மடிக்கத் தெரியலை. ஆம்பளைக் கை. ஊசி குத்திக் குத்தித் தச்சிருக்கான், பாவம்." விரலால் அந்தக் கோணல் தையலைத் தடவினார். "அவ இருந்தா இந்தச் சட்டையில கத்திரி வைக்க விட்டிருக்க மாட்டா."

அதற்கு மேல் அவரால் உட்கார முடியவில்லை. மேஜை மேல் கவிழ்ந்தார். மாஸ்டர் தோளைத் தொட்டார். அந்த அம்மாள் அதைத் தட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையையே இறுகப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பாஸ் மட்டும் அசையவில்லை. திரையின் மூலையைக் காட்டினார்.

"இந்தக் கவுன் படம் இன்னிக்குக் காலையில எடுத்தது. இடமில்ல, போய்ச் சேராதுன்னு தெரிஞ்சும் அவ புருஷன் அந்த 'வீடு' ஃபோல்டர்ல வச்சுட்டே இருக்கார். இப்பவும் அந்த லேப்டாப் ஆன்லதான் இருக்கு."

டெய்லரம்மா நிமிர்ந்தார். "நான் இதைத் திறந்தா அங்க அடிக்குமா?"

"அடிக்கும்."

கவுன் படத்தை அவரே திறந்தார். பிறகு நாலு பேரும் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அது பாட்டுக்கு மினுக்கியது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். 

ஒரு புது வீடியோ வந்து விழுந்தது.

மாஸ்டர் ஸ்பீக்கரின் குமிழைப் பிடித்தார். முழுக்கத் திருகினார், அதற்கு மேல் போகாத அளவுக்கு.

திரை நிறைய ஒரு சின்ன முகம், மூக்கு கேமராவில் ஒட்டுகிற அளவுக்குக் கிட்டத்தில். பின்னால் ஓர் ஆண் குரல், அழுது கரகரத்த குரல்: "யாரு பாத்தாங்க, சொல்லு?"

"பத்து மணித் தாத்தா!" என்றது குழந்தை. பிறகு சந்தேகமாகத் தலையைச் சாய்த்தது. "இப்ப பத்து மணியாப்பா?"

வீடியோ முடிந்தது.

"பதில் சொல்லுங்க" என்றார் டெய்லரம்மா. "கேக்குதில்ல குழந்தை? பதில் சொல்லுங்க."

மாஸ்டர் பாஸைப் பார்த்தார். பாஸ் இல்லை என்று தலையை ஆட்டினார். "இந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணும் அனுப்ப முடியாது சார். அங்கேருந்து இங்க வரும், அவ்வளவுதான். திறந்தா மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்."

மாஸ்டர் அதே வீடியோவைத் திறந்தார். முடிந்ததும் மறுபடி திறந்தார். மறுபடியும் திறந்தார்.